சலேத் தோற்ற நாட்கள்

சேந்தமணல் கரையில் உட்கார்ந்து சலேத் சீட்டில் தோற்ற நாளிலெல்லாம் கடல் மீன் கொடுத்தது, அவள் ஜெயித்த நாளிலெல்லாம் கொடுக்கவில்லை, இது அந்த ஊரில் வயதுக்கு வந்த எல்லோருக்கும் தெரியும். ஏன் அப்படி என்று மட்டும் யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் கடலுக்குப் போகிறவர்கள் கடலிடம் காரணம் கேட்பதில்லை, கேட்டால் சலேத்திடம்தான் கேட்பார்கள், அதுவும் கொஞ்சம் தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்பார்கள்.

சீட்டை ஊருக்குக் கொண்டுவந்தவன் மெல்கியோர். வெளிநாட்டு உல்லாசக் கப்பலில் இருபது வருஷம் சமையல்காரனாக இருந்தவன், முழங்கால் தேய்ந்து ஊர் திரும்பியபோது ஒரு பெட்டி மருந்தும் இரண்டு கட்டுச் சீட்டும் போக்கர் என்ற ஆட்டமும் கொண்டுவந்தான். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு மூடியிருக்கும், பாயில் ஐந்து சீட்டு ஒவ்வொன்றாகத் திறக்கும், ஏழையும் சேர்த்து யாருக்கு நல்ல சேர்க்கை அமைகிறதோ அவருக்கு ஜெயம். ஆனால் கையில் ஒன்றுமே இல்லாதவனும் எல்லாம் இருப்பவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எதிராளியை மிரட்டி எழுப்பிவிடலாம். மேலே தெரிவதை வைத்து அடியில் இருப்பதை ஊகிக்கிற ஆட்டம் என்பதால் மீனவர்களுக்கு அது ஒரே வாரத்தில் பிடிபட்டது. காசு வைத்து ஆடினால் பூசை கிடையாது என்று சாமியார் சொல்லிவிட்டார். அதனால் ஆளுக்கு நாற்பது சோழி, சோழி தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும், கடைசிவரை உட்கார்ந்திருப்பவருக்கு அன்றைய ஆட்டம் என்று வழக்கம் வந்தது. விடியலில் மீன்பிடி வள்ளங்கள் போன பிறகு, கரையில் மிஞ்சியவர்கள் ஏலக் கொட்டகை நிழலில் பாய் விரித்து ஆடினார்கள்.

சலேத் அந்தக் கொட்டகையில் இருபத்திரண்டு வருஷமாக மீன் ஏலம் கூறுகிறவள். வியாபாரிகளின் முகத்தைப் பார்த்தே, இவன் இன்னும் ஐம்பது ஏறுவான், இவன் இதோடு நின்றுவிடுவான் என்று தெரிந்துகொள்கிறவள். இந்த ஆட்டம் தனக்கென்றே கப்பலேறி வந்திருக்கிறது என்று நினைத்து ஒரு நாள் பாயில் உட்கார்ந்தாள், மத்தியான மணி அடிக்குமுன் நாற்பது சோழியையும் தோற்றாள். அன்றைக்கு வந்த வள்ளங்கள் தண்ணீர் விளிம்புவரை தாழ்ந்து வந்தன, சாளை, பாறை, சீலா, அதற்கு முந்திய நான்கு மாதமும் கண்ணில் படாத வாவல் மீன். மறுநாளும் தோற்றாள், மறுநாளும் அப்படியே. நான்காவது நாள் ஜெயித்தாள். அன்று எல்லா வலையிலும் சொறிமீன், வெறும் சொறி, கை பட்டால் அரிக்கிற வழவழப்பான சொறி.

ஊர் இதைக் கண்டு வியக்கவில்லை. ஊர்க் கமிட்டி கூடியது. தலைவர் இஞ்ஞாசியார், பேசுமுன் தொண்டையை மூன்று தடவை செருமுகிறவர், மூன்று தடவை செருமிவிட்டு, எந்த நேரத்தில் ஆடினால் வள்ளங்களுக்குத் தோது, பாய் எந்தத் திசை பார்த்து விரிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் உண்டா இல்லையா என்பதையெல்லாம் பேசி முடித்து, கடைசியாகத்தான் சலேத்தைக் கூப்பிட்டார்.

"தெனமும் தோத்துரு தாயி. ஒனக்கு என்ன கஷ்டம்? சீட்டக் கீழ போட்டுட்டு எந்திரிச்சிர வேண்டியதுதான."

சலேத் அப்படியே செய்தாள். நல்ல சீட்டு வந்தபோதெல்லாம் கீழே போட்டாள், அரை மணி நேரத்தில் தோற்று எழுந்தாள், வலைகள் காய்ந்து வந்தன. மூன்று நாள் அப்படித் தோற்றாள், மூன்று நாளும் சொறிகூட வரவில்லை. அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது, கடலுக்கு வேண்டியது அவள் தோற்பது அல்ல, ஜெயிக்க வேண்டும் என்று முழு மனசோடு ஆடித் தோற்பது.

அன்றிலிருந்து ஊரைச் சந்தேகம் பிடித்தது. அவள் நெசமாகவே ஜெயிக்கத்தான் ஆடுகிறாளா என்று பார்க்க அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு ஆளை நிறுத்தினார்கள், அந்த ஆள் சரியாகப் பார்க்கிறானா என்று பார்க்க இன்னொரு ஆளை நிறுத்தினார்கள். எதிரில் ஆடுகிறவன் அவளுக்கு வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறானா, விட்டுக்கொடுத்தால் எந்த வள்ளக்காரன் மேல் உள்ள கோபத்தில் விட்டுக்கொடுக்கிறான், அடுத்த துறைக்காரர்கள் ஆளனுப்பி அவளை ஜெயிக்கச் சொல்லியிருக்கிறார்களா, போன வியாழக்கிழமை பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்த குடைக்காரர் யார் என்று ஊர் பேசியது. பாவசங்கீர்த்தனத்தில் அவள் என்ன சொன்னாள் என்று சாமியாரிடமே கேட்டார்கள். சாமியார் வாயைத் திறக்காததால் அவரையும் சந்தேகித்தார்கள்.

"இவ்வளவு பேரு பின்னால நின்னா நான் ஆடமாட்டேன்" என்றாள் சலேத். "ஒருத்தர் நிக்கலாம். அதுவும் எம்புருசன் நின்னா ஆடுதேன்."

அவள் புருஷன் தொம்மை, அதிகம் பேசாத மனுஷன். ஆறு வருஷத்துக்கு முன்பு எஞ்சின் போய், சொந்த வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துப்போட்டுவிட்டு மற்றவர்கள் வள்ளத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவன். கமிட்டி யோசித்துச் சம்மதித்தது. தினமும் பத்து மணிக்குத் தொம்மை வந்து மனைவியின் தோளுக்குப் பின்னால் கையைக் கட்டி நின்றான். அதற்குக் கூலியாக ஒரு பங்கு மீன் கொடுத்தார்கள். அவன் பின்னால் நிற்பது சலேத்துக்கு, மழைக்குச் சுவர் ஓரம் ஒதுங்கியது மாதிரி இருந்தது. அவள் ஆட்டத்தில் நிதானம் வந்தது, எதிரில் இருந்தவர்களின் முகங்கள் ஏலக் கொட்டகையில் தெரிவது மாதிரி தெரியத் தொடங்கின.

அவள் ஜெயித்தாள். ஒரு நாள் அல்ல, பதினேழு நாள்.

அந்தப் பதினேழு நாளும் ஊர் உலை வைக்காமல் கிடந்தபோது சலேத்துக்கு உடம்பு இலேசாக இருந்தது, நடந்தால் மணலில் கால் புதையாத மாதிரி இருந்தது, அப்படி இருப்பதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. பிறந்ததிலிருந்து எதிலும் ஜெயிக்காதவள் அவள். ஒன்பதாம் நாள் குழாயடியில் அவள் குடத்தை யாரோ வரிசையிலிருந்து எடுத்துத் தூர வைத்தார்கள். பதினோராம் நாள் கடைக்காரம்மா, சீனி மூட்டை பின்னால் தெரியவே, சீனி இல்லை என்றாள். பதினான்காம் நாள் ஒருத்தி அவள் முகத்துக்கு நேரே கேட்டாள்.

"எங்க பிள்ளைக பட்டினி கெடக்குது, ஒனக்குச் சோழி கேக்குதாக்கும்?"

சலேத் மெல்கியோரிடம் போனாள். அவன் கால்முட்டிக்குத் தைலம் போட்டுக்கொண்டிருந்தான்.

"கப்பல்ல வருசா வருசம் பெரிய போட்டி நடக்கும்க்கா" என்றான். "வரிசையா ஜெயிச்சவனும் கெட்டுப்போவான், வரிசையாத் தோத்தவனும் கெட்டுப்போவான். ஜெயிக்கிறப்ப நேரத்தோட தூங்கு. தோக்கிறப்ப வயிறாரச் சாப்பிடு. நீ நேத்து என்ன பண்ணுனன்னு இன்னைக்கு வர்ற சீட்டுக்குத் தெரியாது. அதுக்கு ஒன்னய அடையாளமே தெரியாது."

"கடலுக்குத் தெரியுதே."

"அது எனக்கு விளங்கல. கப்பல்ல அப்படி நடக்கல" என்று சொல்லிவிட்டு, தைலப் போத்தலை மூடி மூடித் திறந்தான்.

பதினெட்டாம் நாள் தோற்றாள். அன்றிலிருந்து தொடர்ந்து தோற்றாள். நல்ல சீட்டு வந்த நாளில் எதிராளிகள் பாம்பைக் கண்டவர்கள் மாதிரி விலகிக்கொண்டார்கள், வெறுஞ்சீட்டை வைத்துக்கொண்டு அவள் மிரட்டிய நாளில் ஒருத்தர்கூட மிரளவில்லை. முப்பத்தைந்து நாளில் முப்பத்திரண்டு நாள் தோற்றாள். வள்ளங்கள் மீன் கொள்ளாமல் வந்தன. ஐஸ் போதவில்லை, கூடை போதவில்லை. முதல் தரமான சீலாவைக் கழுவி அவள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள், குழாயடியில் அவள் குடத்தை முன்னால் நகர்த்தினார்கள், கடைக்காரம்மா சீனிக்குக் காசு வேண்டாம் என்றாள். அவள் எழுந்து சோர்ந்து நடக்கிற வழியெல்லாம் ஜனங்கள் சிரித்தார்கள், அன்பாகத்தான் சிரித்தார்கள். ஆனால் தான் தலைகுனிகிற போதெல்லாம் சிரிக்கிற முகங்களை எவ்வளவு நாள்தான் பார்க்க முடியும்?

மெல்கியோர் சொன்னபடி அவள் வயிறாரச் சாப்பிட்டாள், அப்படியும் மெலிந்தாள். முகம் பார்க்கிற கண் கெட்டுவிட்டதோ என்று பயந்தாள். பயம் ஏலத்திலும் வந்தது. இன்னும் ஏறுவான் என்று நினைத்தவன் நின்றுவிட்டான், நின்றுவிடுவான் என்று அவள் முடித்துக்கொடுத்த கூடையை, இன்னும் ஏறத் தயாராக இருந்தவன் சந்தோஷமாக அள்ளிக்கொண்டு போனான். மத்தியானச் சோற்றின் முன்னால் உட்கார்ந்து தொம்மையிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஒருத்தர் முகமும் பிடிபட மாட்டேங்கு. மெல்கியோரு மட்டுந்தான் இன்னும் தெரியுது. அவன் கையில ஒண்ணும் இல்லாம மெரட்டும்போது எடது காலு பெருவிரல மணலுக்குள்ள புதைப்பான். அது அவனுக்கே தெரியாது."

தொம்மை குழம்பை ஊற்றிக்கொண்டு, "அப்படியா" என்றான்.

திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை பெரிய போட்டி வைத்தார்கள். முப்பத்திரண்டு பேர் ஆடுவது, பரிசு வள்ளத்துக்கு மாட்டுகிற புது எஞ்சின், டவுனில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறவர் கொடுத்தது. அது வந்து இறங்கிய அன்றே சலேத் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். இஞ்ஞாசியாரிடம் போய்ச் சொன்னாள், ஒரு நாள் ஊர் வெறும் வலையோடு வந்தால் செத்துப்போகாது, அந்த எஞ்சின் கிடைத்தால் கவிழ்ந்து கிடக்கிற வள்ளம் நிமிரும், அதற்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் தோற்கிறேன் என்று. அவர் மூன்று தடவை செருமிவிட்டு, "ஆடு தாயி, ஒன் மனசுபோல ஆடு" என்றார். அவ்வளவு சுலபமாக அவர் சொன்னது அவளுக்கு உறுத்தியது. ஆனால் ஆசை அந்த உறுத்தலை மூடிவிட்டது.

சனிக்கிழமை காலை வள்ளங்கள் போயின. எட்டு பாய்களில் தொடங்கி நாலாகி இரண்டாகி, பதினோரு மணிக்கு ஒரே பாய் மிஞ்சியது, அதில் சலேத்தும் மெல்கியோரும். தொம்மை அவள் பின்னால் நின்றான். தொம்மைக்குப் பின்னால் ஊர் நின்றது.

சலேத்துக்கு ஒரு ராஜாவும் ஒரு ஏழும் வந்தன. பாயில் ஒன்றொன்றாகத் திறந்த ஐந்து சீட்டு: ராஜா, ஏழு, மூன்று, ஒன்பது, ராணி. ராஜாவில் ஜோடி, ஏழில் ஜோடி. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். மெல்கியோர் தன் சீட்டை ஒரு தரம் பார்த்தான், கடலைப் பார்த்தான், பிறகு தன்னிடம் இருந்த சோழி மொத்தத்தையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினான். இப்போது அவள் சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். அல்லது தன் சோழி எல்லாவற்றையும் தள்ளி, காட்டச் சொல்லலாம்.

அவள் அவன் காலைப் பார்த்தாள். இடது கால் பெருவிரல் மெதுவாக, பிள்ளை முகத்தைத் துணிக்குள் மறைக்கிற மாதிரி, மணலுக்குள் போனது.

கையில் ஒன்றுமில்லை. எஞ்சின் தனக்குத்தான். இன்று ஊருக்கு மீன் இல்லை, அதற்காக எல்லோரிடமும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள், தன் சோழி அத்தனையையும் தள்ளினாள்.

"காட்டு" என்றாள்.

மெல்கியோர் காட்டினான். இரண்டு ஒன்பது. பாயில் இருந்ததோடு மூன்று ஒன்பது, இரண்டு ஜோடியை அடிக்கிற சேர்க்கை.

ஊர் ஒரே மூச்சாகக் கத்தியது. அந்தச் சத்தம் அடங்குமுன் கரையோரத் தண்ணீர் வெள்ளியாகத் துள்ள ஆரம்பித்தது, நெத்திலிக் கூட்டம் அலையோடு அலையாக ஏறி மணலிலேயே விழுந்தது, தூரத்தில் வள்ளங்களில் ஆளுக்கொரு துணியை உயர்த்தி ஆட்டினார்கள். ஜனங்கள் பெட்டியும் சேலைத் தலைப்புமாக ஓடினார்கள். சலேத் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு ஒரே ஒரு யோசனைதான் ஓடியது, அந்தப் பெருவிரலைப் பற்றி இந்த உலகத்தில் தான் ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னோம் என்று.

திரும்பிப் பார்த்தாள். தொம்மை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவளைப் பார்க்கவில்லை. இத்தனை நாளும் எதிரில் உட்கார்ந்தவர்களின் முகத்தையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்தவள், முதுகுக்குப் பின்னால் இருந்த முகத்தை அன்றுதான் பார்த்தாள்.

"எத்தன நாளா?" என்றாள்.

மெல்கியோர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நொண்டிக்கொண்டே போய்விட்டான்.

"பதினேழு நாளு நீ ஜெயிச்சியே, அதுக்குப் பெறவு" என்றான் தொம்மை. "இடுப்புச் சாரத்த நான் மடிச்சுக் கட்டுனா ஒங்கையில நல்ல சீட்டுன்னு எதிராளிக்கு அடையாளம். அவுத்து விட்டா வெறுஞ்சீட்டு. இஞ்ஞாசியாரு கூப்புட்டுச் சொன்னாரு. ஒருத்தனும் என் முகத்தப் பாக்கல சலேத்து அப்ப. நான் நின்ன எடத்துல காறித் துப்புனானுவ."

"நடுவுல மூணு நாளு ஜெயிச்சேனே?"

"ஒனக்குச் சந்தேகம் வந்துரக் கூடாதுன்னு நாங்க விட்டது."

அவன் அவசரமாகப் பேசினான். எஞ்சினை மெல்கியோர் தங்கள் வள்ளத்தில்தான் மாட்டப் போகிறான், அவனுக்கு ஒரு பங்கு, தங்களுக்கு இரண்டு பங்கு, பேசி முடித்தாயிற்று. ஊருக்கும் மீன், வீட்டுக்கும் எஞ்சின்.

"ரெண்டும் கெடச்சாச்சு. ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு இப்போ?"

சலேத் பாயிலிருந்த சோழிகளை ஒதுக்கினாள். கடல் தன்னிடம் மட்டும்தான் நேர்மை கேட்டது, மற்ற யாரிடமும் கேட்கவில்லை என்பதை நினைத்தாள். தான் மனசாரத் தோற்றால் போதும் அதற்கு, தோற்கடித்தவன் எப்படித் தோற்கடித்தான் என்று அது பார்க்கவில்லை. ஊரைவிட அவளுக்குக் கடல்மேல்தான் அதிகக் கோபம் வந்தது.

திருவிழா முடிந்து ஒரு வாரம் அவள் ஆடவில்லை. மீன் வரவும் இல்லை, வராமலும் இல்லை, சுமாராக வந்தது. எட்டாம் நாள் இஞ்ஞாசியாரும் கமிட்டியும் வாசலில் வந்து நின்றார்கள். சலேத் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஆடுதேன். ஆனா எம்பின்னால ஒரு ஈக்குஞ்சுகூட நிக்கக் கூடாது. எதுத்தால ஒரே ஆளு. அது எம்புருசன்."

தொம்மை உள்ளேயிருந்து வந்தான். "எனக்கு மெரட்டத் தெரியாதே. பொய்யி முகத்துல வராதே எனக்கு."

"வரும்" என்றாள் சலேத். "வந்துச்சுல்லா."

மறுநாள் பத்து மணிக்குச் சுவரோரம் பாய் விரித்து, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். எதிரில் தொம்மை. அவன் முகத்தை அவள் அவ்வளவு நேரம் தொடர்ந்து பார்த்தது கல்யாணத்தன்றுகூடக் கிடையாது. வலது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது, எப்போது பட்டது என்று தெரியவில்லை. நல்ல சீட்டு வந்தால் அவன் கண் பாயைவிட்டு நகராது. வெறுஞ்சீட்டு வந்தால் உதட்டை நனைப்பான். அரை மணி நேரத்தில் நாற்பது சோழியும் அவளிடம் வந்துவிட்டன. சலேத் சத்தம் போட்டுச் சிரித்தாள். வள்ளங்கள் சொறியோடு வந்தன.

ஒன்பது நாள் அப்படி ஜெயித்தாள். ஊர் கும்பிட்டது, திட்டியது, அடுத்த துறைக்காரர்கள் தொம்மையையும் வாங்கிவிட்டார்கள் என்று பேசியது. புது எஞ்சின் மாட்டிய வள்ளமும் மற்ற வள்ளங்களைப் போலவே சொறியோடு வந்தது. வீட்டில் இருவரும் சோற்றுக்கு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் எதையும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. ஆனால் அவன் அவளையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டான், அவள் எப்போது கண்ணைத் தாழ்த்துகிறாள், எப்போது மூச்சை இழுக்கிறாள் என்று, பாடம் படிக்கிறவன் மாதிரி.

பத்தாம் நாள் சலேத்துக்கு இரண்டு ராணி வந்தன. பாயில் பெரிதாக ஒன்றுமில்லை. தொம்மை உதட்டை நனைக்கவில்லை, பாயையும் பார்க்கவில்லை, அவளையே பார்த்தான். பார்த்துக்கொண்டே எல்லாச் சோழியையும் நடுவில் தள்ளினான். அவள் அந்த முகத்தில் தேடினாள், தழும்பில் தேடினாள், தாடையில் தேடினாள், தன்மேல் நிலைத்திருந்த கண்ணில் தேடினாள். கமிட்டிக்காரர்கள் தூரத்திலேயே மூச்சடக்கி நின்றார்கள். வெறுங்கை என்று தீர்மானித்து அவள் தள்ளினாள்.

அவன் இரண்டு ஆசு வைத்திருந்தான், ராணிகளைவிடப் பெரிய ஜோடி.

கடல் இரைந்தது, ஜனங்கள் ஓடினார்கள், கொட்டகை காலியானது. தொம்மை மட்டும் ஓடாமல், ஜெயித்த சோழியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"யாரும் சொல்லித் தரல" என்றான். "சத்தியமா. நானேதான்."

சலேத் அவனை வெகுநேரம் பார்த்தாள். அது உண்மை சொல்கிற முகமா, உண்மை சொல்கிற மாதிரி இருக்கக் கற்றுக்கொண்ட முகமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. சீட்டுகளைச் சேர்த்து எடுத்தாள், நன்றாகக் கலைத்தாள், அவனுக்கு இரண்டும் தனக்கு இரண்டும் போட்டாள்.

"எடுங்க" என்றாள்.